காரைத் தாழ்த்தினேன், டயர் தேய்கிறது: கேம்பர் பாகங்கள் வாங்கலாமா?

கோவையைச் சேர்ந்த 29 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் இருப்பது 2019ஆம் ஆண்டு ஸ்விஃப்ட், பெட்ரோல், 62,000 கிலோமீட்டர் ஓடியது. வேலைக்குப் போய்வரத் தினமும் 40 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை மனைவி, அம்மாவுடன் வால்பாறை. வருடத்தில் இரண்டு தடவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதையில் நண்பர்களோடு சில சுற்றுகள். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டிருக்கிறார். பொருத்திய மெக்கானிக், “ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள், ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட் பார்க்கலாம்” என்று சொல்லியனுப்பினாராம். இவர் 9,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். நடுவே அக்டோபர் மழையில், தண்ணீர் நிறைந்திருந்த பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கி ரிம் நெளிந்தது. ரிம்மைத் தட்டி நேராக்கிக் கொடுத்தார்கள். நவம்பரில் டயர் கடையில் காரைத் தூக்கியபோதுதான் தெரிந்தது: முன்டயர்கள் இரண்டின் உள்விளிம்பும் மொழுக்கென்று தேய்ந்திருக்கின்றன, இடதுபக்கத்தில் நூலே வெளியே வந்துவிட்டது.

அன்று எடுத்த அலைன்மென்ட் தாளில், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்த தாளில், முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; கழித்தல் குறி என்றால் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது) இடது −1°50', வலது −1°05'. மொத்த டோ (மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் முன்பக்கம் விரிந்தோ குவிந்தோ நிற்கும் கோணம்) வெளிப்பக்கமாக 0°30'. டோவைச் சரிசெய்துவிட்டார்கள். கேம்பர், நிறுவன அளவுக்கு வெளியே என்று காட்டும் சிவப்பிலேயே நிற்கிறது. “இந்தக் காரில் கேம்பரைத் திருப்ப வழி கிடையாது, கேம்பர் போல்ட் போட்டால் பச்சைக்கு வந்துவிடும்” என்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவர் இன்னும் நீளமான பட்டியல் கொடுத்திருக்கிறார்: கேம்பர் போல்ட், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் போடும் கேம்பர் பிளேட், நீளம் மாற்றக்கூடிய லோயர் ஆர்ம், பின்சக்கரத்துக்கு ஷிம், இன்ஜின் அறையில் குறுக்கே போடும் ஸ்ட்ரட் பார். எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். “சாலையில் ஓட்டும் காருக்கு இதெல்லாம் தகுமா? தகும் என்றால் எதிலிருந்து தொடங்குவது? இன்சூரன்ஸில் சிக்கல் வருமா?” என்பவை அவருடைய கேள்விகள். போகிற போக்கில் ஒரு வரி: “காரைத் தாழ்த்தியதிலிருந்து அம்மா பின்சீட்டில் உட்கார மறுக்கிறார், இடுப்பு வலிக்கிறதாம்.”

அன்புள்ள தம்பிக்கு,

தாளைப் படமெடுத்து அனுப்பியது நல்ல காரியம். அதைவிட நல்ல காரியம், 40,000 கிலோமீட்டரில் எடுத்த பழைய தாளையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்து அனுப்பியது. உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த 68,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த எண்களைச் சரியாகப் படிப்போம்

இடது 1.50, வலது 1.05, வித்தியாசம் 0.45தான், அரை டிகிரிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்தது சரி, கணக்கு தவறு. தாளில் இருப்பது புள்ளி இல்லை, டிகிரியும் நிமிடமும். கடிகாரத்தைப் போல ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 1°50' என்றால் ஏறக்குறைய 1.83 டிகிரி. 1°05' என்றால் 1.08. வித்தியாசம் 45 நிமிடம், அதாவது முக்கால் டிகிரி. இந்தத் தவறை நீங்கள் மட்டும் செய்யவில்லை. இயந்திரத்தை இயக்குகிறவர்களே செய்து பார்த்திருக்கிறேன்.

இப்போது பழைய தாளை எடுங்கள். இடது −0°10', வலது −0°05'. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவு ஸ்பிரிங் போட்டீர்கள். வலதுபக்கம் சரியாக ஒரு டிகிரி உள்ளே சாய்ந்திருக்கிறது. உங்கள் காரில் இருப்பது போன்ற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் 35 மில்லிமீட்டர் தாழ்த்தினால் அந்த அளவு சாய்வது எதிர்பார்க்கக்கூடியதுதான். இடதுபக்கமோ ஒரு டிகிரி 40 நிமிடம் சாய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் செய்த வேலை ஒரு டிகிரி என்றால், மிச்சம் 40 நிமிடத்தைச் செய்தது யார்?

அக்டோபர் மாதப் பள்ளத்தைத்தான் சந்தேகிக்கிறேன். ரிம் நெளியும் அளவுக்கு அடி விழுந்திருக்கிறது. அந்த அடி ரிம்மோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சக்கரத்தின் கீழிருந்து வரும் அடி நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு), ஸ்ட்ரட் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. சக்கரம் ஸ்ட்ரட்டுக்கு வெளியே தள்ளி உட்கார்ந்திருப்பதால், மேல்நோக்கி வரும் அடி சக்கரத்தின் தலையை உள்ளே மடிக்கவே பார்க்கும். உங்கள் இடது சக்கரம் காட்டுவதும் அதைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். 35 மில்லிமீட்டர் தாழ்த்திய கார், சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் அதே 35 மில்லிமீட்டரை முன்கூட்டியே செலவழித்துவிட்டது. பழைய ஸ்பிரிங்கில் வாங்கியிருக்கக்கூடிய அடியைப் புதிய ஸ்பிரிங்கில் வாங்க முடியாமல் ஸ்ட்ரட் முட்டுக்கட்டையில் போய் இடித்திருக்கும். வளைவு அங்கே தொடங்கியிருக்கலாம்.

“கார் சாலையில் நேராகத்தானே போகிறது?” என்று கேட்கிறீர்கள். நம் சாலைகள் மழைநீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடதுபக்கம் ஓட்டுகிற கார் இயல்பாகவே லேசாக இடது ஓரத்துக்கு ஒதுங்கும். உங்கள் காரில் இடது சக்கரம் வலதைவிட அதிகமாக உள்ளே சாய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட கார் வலதுபக்கம் இழுக்கும். சாலை இடதுபக்கம் தள்ள, கேம்பர் வலதுபக்கம் இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உங்களுக்குக் கார் நேராகப் போவதுபோல் தெரிகிறது. கரியில் நேர்பாதையில் மட்டும் வலதுபக்கம் ஒதுங்கியதாகவும், அந்த இடத்தில் தரை சரிவாக இருக்கும்போலவென்றும் எழுதியிருந்தீர்கள். பந்தயப் பாதை அங்கே சரிவோ சமமோ, உங்கள் கார் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதனால்தான் கேம்பர் போல்ட் என்றதும் எனக்குத் தயக்கம். அந்தப் போல்ட்டைப் போட்டு இடது சக்கரத்தை வெளியே தள்ளினால் தாளில் பச்சை வந்துவிடும். வளைந்த ஸ்ட்ரட்டோ நக்கிளோ உள்ளே அப்படியே இருக்கும். சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. ஏற்கெனவே மூன்று இடங்களில் கேம்பர் போல்ட்டைத் திருகித் திருகிச் சரிசெய்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதத்தில் பழையபடி. கழற்றி, நக்கிளைப் புதிய நக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தபோது வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. உரிமையாளர் நெடுநேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சக்கரத்தை நம்பித்தான் அவர் குடும்பத்தோடு குமுளி வரை போய்வந்திருக்கிறார்.

டயரைத் தின்றது கேம்பர் மட்டுமா?

காரைத் தாழ்த்தியதால் கேம்பர் மாறியது, கேம்பர் டயரைத் தின்றது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். கேம்பருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு டிகிரி உள்சாய்வு மட்டும் 9,000 கிலோமீட்டரில் டயரின் நூலை வெளியே கொண்டுவராது. பெரிய குற்றவாளி டோ.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். மொத்த டோ 0°30' வெளிப்பக்கம் என்றால் ஒரு சக்கரத்துக்குக் கால் டிகிரி. உங்கள் 15 அங்குல ரிம்மில் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம் பின்விளிம்புகளுக்கு இடையிலானதைவிட 3 மில்லிமீட்டரும் கொஞ்சமும் கூடுதல், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கால் டிகிரி திரும்பி நிற்கும் சக்கரத்தை நேராக இழுத்துக்கொண்டு போனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படும். 9,000 கிலோமீட்டருக்கு 39 கிலோமீட்டர். கோவையிலிருந்து பொள்ளாச்சி வரை டயரைக் குறுக்காக வைத்துத் தரையில் இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாய்ந்த டயரில் எடை உள்விளிம்பில் விழுகிறது. வெளிப்பக்க டோவும் அந்த விளிம்பைத்தான் அரைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நடப்பதைத்தான் நீங்கள் நவம்பரில் பார்த்தீர்கள்.

பழைய டயர்கள் இன்னும் கடையில் கிடந்தால் உள்ளங்கையை அவற்றின் மேல் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் கையைப் பிடித்தால் அது டோ செய்த வேலை. இரு திசையிலும் ஒரேபோல் மொழுமொழுவென்று, ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். உங்கள் வலது டயரில் முதலாவதும் இடது டயரில் இரண்டும் கலந்தும் இருக்கும் என்பது என் ஊகம்.

டோவைச் சரிசெய்யப் புதிய பாகம் எதுவும் வேண்டாம். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடில் உள்ள நட்டைத் தளர்த்தித் திருகினால் போதும். சில நூறு ரூபாய் வேலை. ஸ்பிரிங் போட்ட அன்றே அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது. ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடி பார்ப்பது நல்ல வழக்கம்தான். அதற்காக அன்று பார்க்காமல் அனுப்புவது சோம்பேறித்தனம். நான் தொழில் பழகிய காலத்தில் இந்த இயந்திரங்கள் கிடையாது. காரின் இரு பக்கமும் நூல் கட்டி, எஃகு அளவுகோலை ரிம்மில் வைத்து டோ பார்ப்போம். ஒரு மணி நேரமாகும். ஆனால் எந்தக் காரையும் பார்க்காமல் வெளியே விட்டதில்லை.

நண்பர் தந்த பட்டியல்

கேம்பர் போல்ட்: ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, நடுவில் மையம் விலகிய வட்டம் உள்ள போல்ட்டைப் போடுவார்கள். திருகும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ நகரும். நல்ல தரமானது ஒன்றரை டிகிரி வரை இடம் கொடுக்கும். பட்டியலில் சாலைக் காருக்கு நியாயம் சொல்லக்கூடிய ஒரே பொருள் இதுதான், அதுவும் வளைந்த பாகம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு. இதன் தண்டு நிறுவனத்தின் போல்ட்டைவிட மெல்லியது. எனவே எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அந்தப் போல்ட்டோடு வரும் காகிதத்தில் பார்த்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். கையாலோ காற்றுத் துப்பாக்கியாலோ முறுக்கினால் அடுத்த பள்ளத்தில் வழுக்கிவிடும். இறுக்கிய பிறகு போல்ட் தலையிலும் ஸ்ட்ரட்டிலும் சேர்ந்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவைத்தால், பிறகு வழுக்கியதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கேம்பரை மாற்றினால் டோவும் கூடவே மாறும் என்பதை மறக்க வேண்டாம். கேம்பர் முதலில், டோ கடைசியில்.

கேம்பர் பிளேட்: ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பர் மெத்தையை எடுத்துவிட்டு உலோகப் பந்து மூட்டு வைக்கும் தகடு. பந்தயக் காருக்கு அருமையானது. உங்கள் காரில், ஜல்லி பெயர்ந்த சாலையின் ஒவ்வொரு அதிர்வும் வடிகட்டாமல் உடலுக்கு வரும். மண்ணும் மழைநீரும் மூட்டுக்குள் புகுந்து சில மாதங்களில் ‘டக் டக்’ என்று பேச ஆரம்பிக்கும். வருடத்துக்கு இரண்டு நாள் கரிக்காக மீதி 363 நாள் அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதா?

நீளம் மாற்றக்கூடிய லோயர் ஆர்ம்: வேண்டாம். இதில் மட்டும் நான் கறாராகவே பேசுவேன். சக்கரத்தைக் காரோடு பிடித்துவைத்திருக்கும் கை அது. நிறுவனத்தின் ஆர்ம் பல லட்சம் அடிகளுக்குச் சோதித்துத் தயாரிக்கப்படுவது. சந்தையில் கிடைக்கும் பலவற்றில் குழாயை வெட்டி மரை போட்டுப் பற்றவைத்திருப்பார்கள். யார் சோதித்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. ஆர்ம் முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் அதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பின்சக்கர ஷிம்: உங்கள் காரின் பின்புறம், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான டார்ஷன் பீம். அதில் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அளவு பிசகினால் சக்கரம் பூட்டியிருக்கும் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே சாய்வான தகடு வைப்பது உண்டு. உங்கள் தாளில் பின்சக்கர எண்கள் நான்கும் சரியாக இருக்கின்றன. சரியாக இருப்பதற்கு ஏன் மருந்து?

ஸ்ட்ரட் பார்: பார்க்க அழகாக இருக்கும். அலைன்மென்டை அது மாற்றாது. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பட்டியலில் இல்லாத சிலவற்றை நான் சேர்க்கிறேன். 62,000 கிலோமீட்டர் ஓடிய காரில் லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர்), பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் தலையில் உள்ள பேரிங் ஆகியவற்றைப் பார்த்தீர்களா? புஷ் கிழிந்திருந்தால் நின்றிருக்கும் காரில் எடுக்கும் அளவுக்கும் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நிற்கும் நிலைக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தக் காரை எத்தனை நுட்பமான இயந்திரத்தில் ஏற்றினாலும், ஆடும் பல்லுக்கு அளவெடுத்தது போலத்தான்.

தாழ்த்தினால் வளைவில் கார் உருளாது என்பது

இது உங்கள் கடிதம் முழுக்க ஓடும் நம்பிக்கை, அதனால் ஒரு வார்த்தை. எடை கீழே இறங்குவது உண்மை. ஆனால் மெக்ஃபர்சன் அமைப்பில் காரைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்ம், சக்கரத்தை நோக்கி மேலே ஏறிச் சாய ஆரம்பிக்கிறது. வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவிலான தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். அது குறையாமல் கூடிவிடுகிறது. உங்களுக்கு உருளுவது குறைந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் புதிய ஸ்பிரிங் விறைப்பானது என்பதே. அந்த விறைப்புக்குப் பழைய ஷாக் அப்சார்பர் ஈடுகொடுக்காமல் பின்சீட்டில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அம்மாவின் இடுப்பு வலிக்கு அதுதான் காரணம்.

வால்பாறைக்கு இவ்வளவு கேம்பர் தேவையா என்றும் பார்ப்போம். கொண்டை ஊசி வளைவை 10 மீட்டர் ஆரம் என்று வைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டு விசை காரின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பந்தயப் பாதையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போவீர்கள். அங்கே கார் சாய்ந்து டயரின் வெளிவிளிம்பில் எடை விழும்; அதை ஈடுகட்டத்தான் இரண்டு, இரண்டரை டிகிரி உள்சாய்வு வைக்கிறார்கள். மாதாமாதம் கரிக்குப் போய், உங்கள் முன்டயரின் வெளிவிளிம்பு தேய்ந்து வந்தால் அப்போது கேட்கலாம், கேம்பர் வேண்டுமா என்று. உங்களுக்குத் தேய்வது உள்விளிம்பு. நீங்கள் வாங்கப் பார்க்கும் பாகங்களில் பாதி, அந்த உள்விளிம்பை இன்னும் தேய்ப்பதற்காகச் செய்யப்பட்டவை.

      

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே வாசித்துத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஸ்பிரிங்கின் உயரமோ கேம்பர் கோணமோ பதிவுச் சான்றிதழில் அச்சிடப்படுவதில்லை. அதை வைத்துக்கொண்டு “எனவே எல்லாம் செல்லும்” என்று நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சோதனையில் நிறுத்தும் அலுவலர் காரின் உயரத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

காப்பீட்டில் ஆபத்து இன்னும் நேரடியானது. மாற்றங்களைத் தெரிவிக்காமல் பாலிசியைப் புதுப்பித்திருந்தால், விபத்துக்குப் பிறகு வரும் ஆய்வாளர் காரைத் தூக்கிப் பார்க்கும்போது நிறுவனம் கொடுக்காத ஆர்மும் போல்ட்டும் கண்ணில் படும். சொந்தச் சேதத்துக்கான தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு அது ஒரு பிடி. ஸ்பிரிங்கை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் தரும் ஒப்புதலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். வாய்மொழியாக ஏஜென்ட் தலையாட்டியது போதாது.

இப்போது என்ன செய்யலாம்

பழைய நூல் தெரிந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். கார் டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் டயரில் வெளிப்பக்கம் நன்றாக இருந்ததால்தான் தினமும் பார்த்தும் ஏமாந்தீர்கள். இனி மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவைத்து உள்விளிம்பைப் பாருங்கள்.

அடுத்து, வேறொரு அலைன்மென்ட் மையத்துக்குப் போய், ஸ்டீயரிங் அச்சின் (திருப்பும்போது சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோட்டின்) சாய்வையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தாளில் எஸ்.ஏ.ஐ. என்றோ கே.பி.ஐ. என்றோ இருக்கும். சக்கரத்தை இடமும் வலமும் திருப்பித்தான் அதை அளக்க முடியும். ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் தாளில் அந்தக் கட்டங்கள் காலியாக இருப்பதும் அதனால்தான். கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, காசு கொடுக்கிறீர்கள்.

எண்கள் கிடைத்ததும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தச் சாய்வையும் கேம்பரையும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு வலதுபக்கம் 14°00' என்று வந்தால், கேம்பர் −1°05' சேர்த்து 12°55'. இடதுபக்கமும் 14°00' வந்தால் கூட்டுத்தொகை 12°10'. இரு பக்கத் தொகையும் இப்படி வேறுபட்டால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது. மாறாக இடதுபக்கம் 14°45' வந்து, கூட்டுத்தொகை வலதைப் போலவே 12°55' ஆனால், அவை இரண்டும் நலம். லோயர் ஆர்மைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமோ ஸ்ட்ரட்டின் தலை உட்காரும் இடமோ நகர்ந்திருக்கலாம். பாகத்தைக் கழற்றுவதற்கு முன்பே எங்கே கைவைப்பது என்று இந்தக் கூட்டல் சொல்லிவிடும். மெக்கானிக் ஸ்ட்ரட் ராடின் மேல்நட்டைத் தளர்த்தி ராடைச் சுழற்றும்போது சக்கரத்தின் தலை உள்ளும் வெளியும் அசைந்தால் ராடே வளைந்திருக்கிறது என்று பொருள்.

அளப்பதற்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். திரையில் உங்கள் காரின் சரியான மாடலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். தட்டி நேராக்கிய ரிம் என்பதால், சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மின் கோணலை ஈடுசெய்யும் வேலையையும் தவறாமல் செய்யச் சொல்லுங்கள்; அதைச் செய்யாத அளவு உங்கள் காரில் செல்லாது.

வளைந்த பாகத்தை நிறுவனத்தின் பாகம் கொண்டு மாற்றுங்கள். ஸ்ட்ரட் என்றால் இரு பக்கமும் சேர்த்து. அதன் பிறகு உங்கள் முன் இரண்டு வழி. ஒன்று, பழைய ஸ்பிரிங்குக்குத் திரும்புவது. நான் சொல்வது இதைத்தான். இரண்டு, இதே ஸ்பிரிங்கோடு இரு பக்கமும் ஒரு டிகிரி உள்சாய்வை ஏற்றுக்கொண்டு, டோவை நிறுவனம் சொன்ன அளவில் வைத்து, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி ஓட்டுவது. டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயும், ஆனால் ஆபத்தான வழி என்று சொல்ல மாட்டேன். எல்லாம் மாற்றிய பிறகும் இரு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் மிஞ்சினால், அப்போது ஒரு ஜோடி கேம்பர் போல்ட் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர் நான்கும் ஒரு ஜோடி புதிய புஷ்ஷும் வாங்கிவிடலாம், கரிக்கு நான்கு தடவை போகவும் மிஞ்சும்.

பழைய ஸ்பிரிங் பரணில் பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் போடும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை நினைவூட்டுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷில் கைவைத்தால், அந்தப் போல்ட்டுகளைக் கார் தூக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று, காரின் எடை முழுதும் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும். ஸ்பிரிங் போட்ட அன்றே டோ பாருங்கள், ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடியும் பாருங்கள். அந்தப் புதிய தாளை எனக்கு அனுப்பிவையுங்கள். இடதுபக்கக் கூட்டுத்தொகை என்ன வந்தது என்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.